இட்லி மாவுத் தொழிலுக்கு எத்தனை உரிமங்கள்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பொள்ளாச்சியில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து இட்லி மாவு, பொடி வகைகள் தயாரித்து மளிகைக் கடைகளுக்குப் போடலாம் என்றிருக்கிறோம். ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு முகவர், ‘ஒன்பது பதிவுகள் வேண்டும், 25,000 ரூபாய்க்கு எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன்’ என்கிறார். உண்மையிலேயே இவ்வளவும் தேவையா? எதிலிருந்து தொடங்குவது? பாலக்காட்டில் ஒரு கடைக்காரரும் பொடி கேட்டிருக்கிறார்.

பதில்:

அட்வான்ஸை இன்னும் கொடுக்கவில்லை என்பது நல்ல செய்தி. ஒரு வாரம் பொறுத்துக் கொடுங்கள். சிறு தொழில்களுக்குக் கணக்கும் வரியும் பார்ப்பது என் பிழைப்பு. உரிமம் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் படிவத்தைத் தவறாக நிரப்பியவர்கள் அல்லர். தவறான கட்டடத்தைப் பிடித்தவர்கள். நகராட்சி, உணவுப் பாதுகாப்புத் துறை, மின்வாரியம், ஜிஎஸ்டி, வங்கி என எங்கே போனாலும் முதலில் கேட்பது தொழில் நடக்கும் முகவரிக்கான சான்றைத்தான். அது சரியாக இருந்தால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அதில் கோளாறு இருந்தால் எந்த முகவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே கட்டட உரிமையாளரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, சொத்து வரி ரசீது. பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறாரா, அந்தக் கட்டடம் வணிகக் கட்டடமாகப் பதிவாகியிருக்கிறதா, குடியிருப்பாகவா என்று பாருங்கள். வீடாக வரி கட்டிக்கொண்டு முன்பக்கத்தைக் கடையாக வாடகைக்கு விடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். நீங்கள் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்த அன்றுதான் அது நகராட்சியின் கண்ணில் படும். வரி வகையை மாற்றச் சொல்வார்கள், வரி உயரும், உரிமையாளர் உங்களைக் கோபித்துக்கொள்வார். இதை முன்கூட்டியே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

இரண்டாவது, மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்பது. வீட்டு இணைப்பில் கிரைண்டரை ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவு பாயும். அனுமதியில்லாத பயன்பாடு என்று கணக்கிட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள். எப்போதிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தாலும் பணம் உங்கள் தலையில்தான் விழும். வணிகக் கட்டணத்தைவிடக் குறுந்தொழிலுக்கான கட்டணம் குறைவு. மாவு அரைப்பது தயாரிப்புத் தொழில் என்பதால் அந்த வகை உங்களுக்குக் கிடைக்குமா என்று உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். முகவர்களின் பட்டியலில் இந்தக் கேள்வியே இருப்பதில்லை. மாதாமாதம் மிச்சமாகிற பணம் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம். ‘பதினோரு மாத ஒப்பந்தம், பதிவு தேவையில்லை’ என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வதோடு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் ‘உணவுப் பொருள் தயாரிப்புக்காக’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். வெறுமனே ‘வணிகப் பயன்பாட்டுக்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு கிரைண்டர் சத்தத்தைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு.

நான்காவது, தண்ணீர் போகும் வழி. இதை யாரும் கேட்பதில்லை. மாவுத் தொழிலில் வரும் புகார்களில் பாதி இதனால்தான். அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கழுவிய நீர் சாக்கடையில் தேங்கினால் இரண்டே நாளில் புளித்து நாறும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டால் சுகாதார ஆய்வாளர் வந்தே ஆக வேண்டும். கடைக்குப் பின்னால் நீர் வடிந்து ஓடுகிறதா, மூடிய சாக்கடை இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அரைக்கப் போகிறீர்கள் என்றால் மேல்மாடியில் குடியிருப்பவர் யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அந்தக் கடை நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, ஊராட்சியிலா? பொள்ளாச்சியைச் சுற்றிலும் கிராம ஊராட்சிகள்தாம். சில இடங்களில் பார்த்தால் எல்லையே தெரியாது. நகராட்சி என்றால் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும். அது 1998-இல் இயற்றப்பட்டு, கால் நூற்றாண்டு உறங்கி, 2023-இல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி என்றால் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். அங்கே செயல் அதிகாரி ஊராட்சித் தலைவர். அவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் போக வேண்டும்.

இதனால் மானியமும் மாறும். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு, ஊரகத்தில் 35 விழுக்காடு மானியம். ஊராட்சி நிர்வாகத்துக்கு உட்பட்ட பகுதிகளை ஊரகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் கடை பிடித்தால் பத்து விழுக்காடு கூடுதல் என்றால் நடந்து போய்ப் பார்க்கலாம்தானே? ஆனால் அந்தத் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டும். கடை திறந்து, பில் போட்டு, விற்பனை நடக்கத் தொடங்கிய பிறகு ‘மானியக் கடன் வேண்டும்’ என்று மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் கிடைக்காது. கடன் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். திறப்பு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இருவர் சேர்ந்து செய்வது பற்றி. ஒருவர் பெயரில் நடத்தினால் தனி உரிமையாளர் தொழில். ‘நிறுவனப் பதிவு’ என்று தனியாக ஒன்றும் கிடையாது. முகவர் பட்டியலின் முதல் வரியிலேயே அது இருக்கிறது என்று ஊகிக்கிறேன். இருவரும் சமமாகப் பணம் போட்டு உழைக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பணம் தராத கடைக்காரர்மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்கிறது அதன் 69-ஆவது பிரிவு. நூறு ரூபாய்க்கு மிகாத பாக்கிக்கு மட்டும் விலக்கு உண்டு. 1932-இல் நூறு ரூபாய் பெரிய தொகை. இன்றும் அதே நூறுதான். மளிகைக் கடைகளுக்குக் கடனுக்கு மாவு போடப் போகிற உங்களுக்கு இந்தப் பதிவு அவசியம்.

நாத்தனாராயிற்றே, பத்திரம் எதற்கு என்று வீட்டில் சொல்வார்கள். உறவு என்பதால்தான் பத்திரம் வேண்டும். யார் எவ்வளவு போட்டது, லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் இயந்திரங்களும் பெயரும் யாருக்கு என்ற மூன்றையும் எழுதிவிட்டால் பண்டிகைக்கு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். கூடவே ஒன்று: உழைப்பது நீங்கள் இருவரும் என்றால் பத்திரத்திலும் உரிமத்திலும் உங்கள் பெயர்களே இருக்கட்டும். ‘அலைவதற்கு வசதி’ என்று கணவர் பெயரில் எல்லாவற்றையும் வாங்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மகளிருக்கான மானியமும் கடனும் அதனால் கைவிட்டுப் போகின்றன. தனிப்பட்ட தொழில்முனைவோருக்கான மானியங்கள் சில கூட்டு நிறுவனத்துக்குக் கிடைக்காது என்பதையும் தொழில் மையத்தில் கேட்டு அறிந்துகொண்டு, அதற்கேற்ப வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

இனி உரிமங்கள்.

உங்கள் தொழிலின் உயிர் உணவுப் பாதுகாப்புப் பதிவுதான். அது இல்லாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போகக்கூடாது. 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதை இரண்டு படியாக வைத்தன. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறியவர்களுக்குப் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேலே மாநில உரிமம், கட்டணம் ஆயிரக்கணக்கில். பலரும் கவனிக்காதது, அதே விதி சிறு தயாரிப்பாளருக்கு நாளுக்கு 100 கிலோ என்றொரு உற்பத்தி எல்லையையும் வைத்தது. பொடிக்கு 100 கிலோ பெரிய அளவு. ஈர மாவுக்கு அப்படியில்லை. நாற்பது கடைகளுக்குக் கடைக்கு இரண்டரைக் கிலோ என்றாலே நூறு கிலோ வந்துவிட்டது. இந்த எல்லைகளையும் கட்டணங்களையும் அரசு மாற்றியமைப்பது உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் காட்டும் தொகையையே நம்புங்கள். விண்ணப்பம் அந்தத் தளத்தில்தான். தொழில் வகை கேட்கும் இடத்தில் ‘சில்லறை விற்பனை’ என்று போட்டுவிடாதீர்கள், நீங்கள் தயாரிப்பாளர். கடைக்காரர் என்று வாங்கிய பதிவை வைத்துத் தயாரித்தால், கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

பதிவுக்கு உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு. உரிமம் என்றால் மாவட்ட நியமன அலுவலர். பதிவு விண்ணப்பத்துக்கு ஏழு நாளில் பதிவைத் தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். எதுவுமே இல்லையென்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. அதனால் விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆய்வுக்கு வந்தால் பார்ப்பது இவை: சுவரும் தரையும் கழுவக்கூடியவையா, ஊறவைக்கும் பாத்திரங்கள் மூடியிருக்கின்றனவா, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வேலை செய்வோரின் மருத்துவச் சான்று. ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுங்கள். அறிக்கை வர நாளாகும்.

பதிவு இடத்துக்கு உரியது என்பதையும் மறக்காதீர்கள். மாவு கடையிலும் பொடி வறுப்பது வீட்டிலும் என்றால் இரண்டு இடத்துக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

அடுத்து நகராட்சியின் தொழில் உரிமம். பழைய ஆட்கள் இதை இன்னும் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்பார்கள். ஆபத்தான, அருவருப்பான தொழில்கள் என்று ஆங்கிலேயர் காலச் சட்டம் வைத்த பெயர் அது. இட்லி மாவு அதில் எதில் சேரும் என்று கேட்காதீர்கள். நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சொத்து வரி எண், வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், அடையாளச் சான்று ஆகியவற்றோடு எத்தனை மோட்டார், ஒவ்வொன்றும் எத்தனை குதிரைத்திறன் என்ற விவரமும் கேட்பார்கள். கிரைண்டர் வாங்கிய பில்லில் அது இருக்கும். இயந்திரம் வைத்து நடத்தும் தொழிலுக்கு இயந்திரம் நிறுவும் அனுமதியும் சேர்ந்து வரும் என்பதால் அதை மறைக்க வேண்டாம். இரண்டு குதிரைத்திறன் என்று எழுதிவிட்டு ஐந்தை ஓட்டினால், அடுத்த புகார் வரும்போது உரிமம் இருந்தும் இல்லாத நிலைதான். காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். நகராட்சி நினைவூட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தொழில் உரிமம் வேறு, தொழில் வரி வேறு. தொழில் வரி என்பது சம்பாதிக்கிற ஆள்மேல் உள்ளாட்சி போடும் வரி. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. அரசமைப்பின் 276-ஆவது உறுப்பு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொழில் வரி ரசீதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு உரிமம் வாங்கியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு; பத்து நிமிட வேலை. ஆதாரும் பானும் போதும், கட்டணம் இல்லை. 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். இதன் பயன் கடன் மட்டுமல்ல. உத்யம் பதிவுள்ள குறு, சிறு தயாரிப்பாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். காலம் கடந்தால் அந்தச் செலவை வாங்குபவர், பணம் கொடுத்த ஆண்டின் கணக்கில்தான் கழித்துக்கொள்ள முடியும்படி வருமான வரிச் சட்டத்திலும் பிரிவு சேர்த்துவிட்டார்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் இது பேசாது. சூப்பர் மார்க்கெட்டின் கணக்குப் பிரிவில் நன்றாகவே பேசும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு விடுங்கள்.

வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்க, தொழிலின் பெயரில் இரண்டு ஆவணங்கள் கேட்பது வழக்கம். உத்யமும் உணவுப் பதிவும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கூட்டாண்மை என்றால் அதன் பெயரிலேயே பான் அட்டையும் பத்திரமும் சேர்த்துக் கேட்பார்கள். ‘வங்கிக் கணக்குக்காகவாவது ஜிஎஸ்டி எடுங்கள்’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஜிஎஸ்டி என்றவுடன் பாலக்காடு நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பே பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்து பதிவு கட்டாயம். பாலக்காடு பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம். அங்கே ஒரு கடைக்கு மாதம் பத்துக் கிலோ பொடி அனுப்புவதற்காக, உள்ளூரில் நீங்கள் விற்கும் மாவு முழுவதும் ஐந்து விழுக்காடு வரிக்குள் வந்துவிடும். ஒரு விழுக்காடு மட்டும் கட்டும் இணக்க வரித் திட்டத்துக்குப் போகலாமே என்றால், அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது.

பதிவு இலவசம். பதிவுக்குப் பின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் விவர அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வெற்று அறிக்கைக்கே நாளுக்கு 20 ரூபாய், மற்றவற்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதைத் தாக்கல் செய்ய என்னைப் போன்ற ஒருவருக்கும் மாதாமாதம் கொடுக்க வேண்டும். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்: முதல் ஆண்டு பாலக்காட்டுக்காரரிடம் கைகூப்பி மறுத்துவிடுங்கள். அவர் பொள்ளாச்சி வரும்போது உங்கள் கடையில் நேரில் காசு கொடுத்து வாங்கிப் போனால் அது இங்கேயே முடிந்த விற்பனை. அவரே ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரியாக இருந்து, கேரள முகவரிக்குப் பில் கேட்டால் கதை வேறு, அப்போது கொடுக்காதீர்கள். அங்கிருந்து பெரிய ஆர்டர்கள் வரும்போது ஜிஎஸ்டி பதிவை எடுத்துக்கொள்ளலாம்.

சின்ன விஷயங்கள் சில. மின்னணுத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். பழைய தராசை விலைக்கு வாங்கினால் கடைசி முத்திரை எப்போது என்று பாருங்கள். பாக்கெட் போட்டு விற்பதால் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பாக்கெட்டின்மேல் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண், உணவுப் பதிவின் 14 இலக்க எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, சேர்மானங்கள், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது ஆகியவை இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கவர் அச்சடிப்பதற்கு முன் ஒரு மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். அச்சான கவரைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வாங்கமாட்டார்.

பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம். கடைப் பெயரை வணிக முத்திரையாகப் பதிய, தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். மாவு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் செய்தால் போதும். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறாரா என்ற தேடலை மட்டும் இன்றே செய்யுங்கள், அது இலவசம்.

முகவரின் ஒன்பதுக்கு வருவோம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப் பதிவு என்று ஒன்று நிச்சயம் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் அது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களுக்குத்தான். நீங்கள் இருவரும் உதவிக்கு இருவரும் என்றால் தேவையில்லை. ஐஎஸ்ஓ சான்று என்று ஒரு வரி இருந்தால் சட்டம் அதைக் கேட்கவில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட் கேட்டால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டியை மேலே சொன்ன காரணத்துக்காக அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பவற்றில் உத்யம் இலவசம், உணவுப் பதிவும் பொட்டலமிடுபவர் பதிவும் நூறுகளில், நகராட்சிக் கட்டணம் நகராட்சிக்கு.

கணினியில் கை ஓடாது, அலைய நேரமில்லை என்றால் ஒருவருக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. அரசுக் கட்டணத்துக்குத் தனி ரசீது, அவருடைய கூலிக்குத் தனி ரசீது என்று கேளுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கட்டும். முகவரின் எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கடவுச்சொல் அவரிடம் போகும். அப்போது அவர் சொல்வதுதான் விலை.